திருஷ்டி பொம்மை பார்த்த திசை

9

வீரபாண்டி தாண்டும்வரை, கார் ஓட்டிக்கொண்டிருந்த உதவியாளன் கார்த்திக்ராஜ் வாயைத் திறக்கவில்லை. அதுவே விஜிக்கு ஆச்சரியம். கோயில் வளைவு பின்னால் போனதும், ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"அக்கா, அந்தக் கைக்குட்டையத் துவைச்சுத் திருப்பிக் குடுக்கப் போறீகளா, இல்ல ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டப் போறீகளா?"

வெள்ளைக் கைக்குட்டை விஜியின் மடியில் கிடந்தது. ஓரத்தில் டீக்கறை. காலையில் தேனியில், கைத்தாங்கல் அறக்கட்டளை அலுவலகத்தில் கார்த்திக்ராஜின் கை பட்டு டீ கொட்டியபோது, எதிரே உட்கார்ந்திருந்த சூரியபிரகாஷ் பதறிப்போய் எடுத்துக் கொடுத்தது.

"டீயக் கொட்டுனது நான். கைக்குட்டை கெடச்சது உங்களுக்கு. இதுல எனக்கு என்ன லாபம்?"

"திட்டு கிடைக்கும். ரோட்டப் பாத்து ஓட்டு."

"மூலையில பாருங்க. அதுகூட என்னையத்தான் முறைக்குது."

விஜி பார்த்தாள். மூலையில் சலவைக்காரர் போட்ட கறுப்பு மைக் குறி. மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. யார் வீட்டுத் துணி என்று பிரிப்பதற்காகப் போட்டதுதான். ஆனால் இவன் சொன்ன பிறகு பார்த்தால், சிரிக்கத் தெரியாத ஒரு சின்ன முகம் மாதிரி இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. சாயங்காலத்துக்குள் உமர் பாருக்குக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

உமர் பாருக் கம்பத்தில் திராட்சை மொத்த வியாபாரி. மலையிலிருந்து இறங்கிய காட்டு வெள்ளம் ஓடைமேட்டுத் தெருவை அடித்துக்கொண்டு போனபோது, கடை கடையாகவும் தோட்டம் தோட்டமாகவும் ஏறி இறங்கி, பள்ளிவாசல் வாசலிலும் துண்டை ஏந்தி, சேர்த்ததையெல்லாம் கைத்தாங்கலிடம் கொடுத்தவர். சுவர்கள் எழும்பிவிட்டன. கூரைக்கு வேண்டியதை இன்று மாலை அவருடைய குடோனில் கூட்டம் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் அவருடைய போனுக்கு ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்து சேர்ந்துவிட்டது. பேர் இல்லை, ஊர் இல்லை.

'உங்க காசுல கட்டுற வீட்டுக்கு இங்கன தனியா ஒரு வெலை கேக்குறாக. பொம்பளைககிட்ட மட்டும் கேக்குறாக. நான் அந்த வெலையக் குடுக்கல. அதான் எஞ்செவரு பாதியில நிக்குது.'

"என் காசு போனாப் போகட்டும் தங்கச்சி," என்று சொல்லித்தான் அவர் இந்த வழக்கை விஜியிடம் கொடுத்தார். "என்னைய நம்பிக் குடுத்தவுக மூஞ்சியில எப்படி முழிக்க? நெசமா பொய்யானு மட்டும் சொல்லிரு."

நிஜம்தான் என்று காலையில் சூரியபிரகாஷே ஒப்புக்கொண்டார். அறக்கட்டளையின் மாவட்டப் பொறுப்பாளர். புகாரை விசாரித்ததும் அவரே. "எங்க ஆள் ஒருத்தன் தப்புப் பண்ணிட்டான் மேடம். களப்பணியாளர் வினோத்ராஜ். வேலையிலேருந்து நீக்கிட்டேன். நான் அடிக்கல் நாட்டுன அன்னிக்கு அந்தத் தெருவுக்குப் போனதோட சரி. அடிக்கடி போயிருந்தா இது நடந்திருக்காதோன்னு மனசு உறுத்துது. அந்தப் பொண்ணு யாருன்னு மட்டும் தோண்டிடாதீங்க. அவங்க மானம் முக்கியம்."

தனியாகத் துப்பறிய ஆரம்பிப்பதற்கு முன்பு விஜி இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளை விசாரித்தவள். தப்பை மறைக்காமல் மேஜைமேல் எடுத்து வைக்கிற மனிதர்களை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவருடைய தணிந்த குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. கைக்குட்டை கொடுத்த விதமும் பிடித்திருந்தது.

"வினோத்ராஜ் போன்ல சொன்னத மறுபடி சொல்லு," என்றாள்.

"என்னத்தச் சொல்ல? எதுக்குப்பா உன்னைய வேலைய விட்டு நிறுத்துனாகன்னு கேட்டேன். 'பொம்மையத் தொட மாட்டேன்னு சொன்னேன், அம்புட்டுத்தான்'னான். வச்சுட்டான். காலங்காத்தாலயே தண்ணியப் போட்டிருக்கான்."

"பொம்மையா?"

"பொம்மைதான். எந்தங்கச்சி மக பேசுற மாதிரியே பேசுறான்."

உத்தமபாளையம் கடந்து, கம்பத்தையும் கடந்து, திராட்சைப் பந்தல்கள் முடிகிற இடத்தில் மண்பாதை ஏறியது.

*

ஓடைமேட்டுத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சுவர் இருந்தது, எந்த வீட்டுக்கும் கூரை இல்லை. உள்ளே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடந்தது. தெரு முனையில் மேட்டின்மேல் கைத்தாங்கலின் தகரக் கொட்டகை. கதவில் ஆரஞ்சு வண்ணத்தில் விரித்த உள்ளங்கை.

தெருக்குழாயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள், விஜி வாயைத் திறப்பதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டாள்.

"இங்கன ஒண்ணும் நடக்கல. போயிட்டு வாங்க."

"நான் இன்னும் எதுவும் கேட்கலையேம்மா."

"கார்ல வர்றவுக வேறென்ன கேப்பாக? ஐப்பசி மழை வருது. கூரை வரணும். நீங்க கேக்க, நாங்க சொல்ல, டவுன்ல காசு குடுக்கிறவுக கைய மடக்கிக்கிட்டா, எம்பிள்ளைக நனையிறப்ப நீங்க வந்து குடை பிடிப்பீகளா?"

"வினோத்ராஜ் எப்படிப்பட்டவன்?"

முத்துமாரியம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாகத் தேய்த்தது. "அந்தப் பயலா? வாய்தான் நீளம்." கொஞ்சம் பொறுத்து, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "இந்தத் தெருவுல அவ ஒருத்திதான் கத்துனா."

"யாரு?"

"நான் ஒண்ணும் சொல்லல." ஈயச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவ ஒருத்திதான் கத்துனா. அப்படியென்றால் கத்தாதவர்கள் எத்தனை பேர்?

கார்த்திக்ராஜ் இடுப்பில் கை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வீட்டு வாசல் நிலைக்கு மேலேயும் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. கட்டுகிற வீட்டின்மேல் கண் படக்கூடாது என்று, பழைய சட்டை, கால்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, பானைத் தலைக்கு முறுக்கு மீசை வரைந்து மாட்டியிருந்தார்கள்.

"மொத்தத் தெருவும் சேந்து நம்மள முறைக்குதுக்கா. அங்கன ஒருத்தரு மட்டும் கோவிச்சுக்கிட்டு முதுகக் காட்டுறாரு."

விஜி திரும்பினாள்.

அந்த வீட்டின் சுவர் மற்றவை அளவுக்கு ஏறவில்லை. நிலை மட்டத்தோடு நின்றிருந்தது. அதன் பொம்மை மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. காற்றில் சுழன்றுவிடாதபடி இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். பானைத் தலையில் வரைந்த கண்கள் நேராகத் தகரக் கொட்டகையைப் பார்த்தன.

"கார்த்தி, திருஷ்டி பொம்மையை எந்தப் பக்கம் பாத்துக் கட்டுவாக?"

"ரோட்டப் பாத்து. போறவன் வர்றவன் கண்ணு அது மேல விழணும்ல."

"அப்ப இந்த வீட்டுக்காரி பயப்படுற கண்ணு ரோட்டுல இல்ல."

கார்த்திக்ராஜ் கொட்டகையைப் பார்த்தான்.

விஜி அடுக்கியிருந்த கற்கள்மேல் ஏறினாள். பொம்மையின் சட்டை சாம்பல் நிறம். கிட்டத்தில் பார்த்தால் அது சட்டையே இல்லை. கை இல்லாத ஜாக்கெட், உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தது. அக்குள் ஓரத்தில் உள்ளிருந்து ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. கைத்தாங்கல் ஆட்கள் மாட்டிக்கொள்கிற ஜாக்கெட். காலர் பட்டி அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

மேலே இரண்டு புள்ளி. கீழே ஒரு கோடு.

கைப்பைக்குள் இருந்த கைக்குட்டை திடீரென்று கனத்தது.

"தொடாதீக." பின்னாலிருந்து குரல். "வீடு முடியாம அதத் தொட்டா ஆகாது."

ஏலக்காய்த் தோட்டத்தில் அரைநாள் வேலை முடிந்து வந்தவள். தலையில் துண்டு, தோளில் தூக்குவாளிப் பை. தெரு முனையில் அவளை இறக்கிவிட்ட ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. போனில் கேட்ட குரல் இதுதான் என்று விஜிக்கு உடனே தெரிந்துவிட்டது.

"நான் தொடல," என்று கீழே இறங்கினாள். "உங்க பேரு?"

"அக்கம்மா."

ஜீப் ஓட்டுகிறவன் இவர்களைப் பார்த்ததும் கியரை அவசரமாக மாற்றினான். கார்த்திக்ராஜ் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "அக்கா, காலையில ஆபீஸ் போட்டோவுல பாத்த மூஞ்சி. வினோத்ராஜ். எஸ்டேட் ஜீப் ஓட்டுறான் போல."

"விடாதே. அவன்கிட்ட ஒரே கேள்விதான் கேக்கணும். எந்தப் பொம்மைய?"

கார்த்திக்ராஜ் ஓடினான்.

அக்கம்மாள் திண்டாக அடுக்கிய கல்மேல் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லவில்லை, ஆனாலும் விஜி பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கலாம். தார்ப்பாய்க்கு அடியில் ஒரே தட்டு, ஒரே தலையணை; கேட்க ஆள் இல்லாதவள். சூரியபிரகாஷ் கணக்கில் அதுதான் வசதி.

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருவாரு அந்தத் தேனி ஆளு," என்றாள் அக்கம்மாள், கேட்காமலே. "கைநாட்டு வைக்கணும், ஒவ்வொருத்தராக் கொட்டகைக்கு வாங்கம்பாரு. நான் போனேன். சட்டையக் கழட்டி நாற்காலியில போட்டாரு. கதவச் சாத்துனாரு. தாயி, நான் போட்ட கூச்சல்ல மலையே எழுந்திருக்கும். மனுசன் பின்வாசலா ஓடிட்டாரு. சட்டை எங்கைக்கு வந்துருச்சு."

"ஏன் திருப்பிப் போட்டீங்க?"

"இதுல இருக்கிற கைப்படம் வெளிய தெரிஞ்சா மத்தவுக வீட்டு வேலையும் நின்னு போகுமே."

"அப்புறம் எதுக்கு மாட்டுனீங்க?"

"அவரு கொட்டகைக்கு வர்றப்பல்லாம் இத அவரு பாக்கணும். இது அவரப் பாக்கணும்."

விஜி காலர் பட்டியைப் பார்த்தாள். அறக்கட்டளையை மறைக்க நினைத்துத்தான் இவள் சட்டையைத் திருப்பினாள். அறக்கட்டளை உள்ளே போனது. ஆள் வெளியே வந்துவிட்டான்.

"இன்னிக்குக் கூட்டத்துல இதச் சொல்வீங்களா?"

"நான் சொன்னா இந்தத் தெருவுக்குக் கூரை வருமா? அதுக்கு மொதல்ல ஜவாப் சொல்லு."

கண்டுபிடிப்பதுதான் விஜியின் தொழில். கண்டுபிடித்த பிறகு யார் நனைவார்கள் என்று இதுவரை எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் அவளைக் கேட்டதில்லை. போனை எடுத்து உமர் பாருக்கைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள்.

"அண்ணே, உண்மை தெரிஞ்சுபோச்சு. ஆனா அதச் சொல்றதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியவங்க ஒரு கேள்வி கேக்குறாங்க. கைத்தாங்கல் மேல நம்பிக்கை போனா, கூரையும் போயிருமா?"

அந்தப் பக்கம் திராட்சைப் பெட்டிகள் இழுபடும் சத்தம்.

"சனங்க குடுத்தது கூரைக்குத்தான தங்கச்சி. கைத்தாங்கலுக்குன்னா குடுத்தாக? கொத்தனாரு வேலைக்கு நாங்களே முன்ன நின்னு கூலி குடுக்கோம். மார்க்கெட்டுல முறை வச்சு ஆள் வர்றோம்."

அக்கம்மாள் போனைப் பார்த்துக் குனிந்தாள். "எல்லா வீட்டுக்குமா?"

"எல்லா வீட்டுக்கும்."

"எஞ்செவரு பாதியில நிக்குது."

"உன் வீடு இல்லாம அது எப்படித்தா எல்லா வீடாகும்?"

அவள் எழுந்தாள். கற்கள்மேல் ஏறி, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். எதிர்வீட்டிலிருந்து முத்துமாரியம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"ஏய் அக்கம்மா, வீடு முடியலடி. எறக்காதடி."

"முடியணும்னுதான் எறக்குறேன்."

*

குடோனில் பெட்டிகளை ஓரங்கட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வியாபாரிகள், தோட்டக்காரர்கள். நடுவில் வெள்ளைச் சட்டையில் சூரியபிரகாஷ் பேசிக்கொண்டிருந்தார். தவறு செய்தவனை நீக்கிவிட்டோம், இனி எந்தப் பெண்ணும் பயப்பட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஜி நேராகப் போய்க் கைக்குட்டையை நீட்டினாள்.

"சார், இது உங்களதுதானே?"

"அட, இதுக்காகவா மேடம்? என்னோடதுதான்."

"துவைக்க நேரமில்ல. மூலையில இருக்கிற சலவைக் குறியும் உங்களதுதானே?"

"ஆமா. எங்க லாண்டரில எனக்குப் போடுற குறி. ஏன்?"

வாசலில் ஜீப் வந்து நின்றது. முன்சீட்டில் அக்கம்மாள், அவள் மடியில் குழந்தைபோல் திருஷ்டி பொம்மை. பின்னால் முத்துமாரியம்மாள். அக்கம்மாள் உள்ளே வந்து, பொம்மையை மேஜைமேல் குப்புறப் படுக்க வைத்தாள். கார்த்திக்ராஜ் கைக்குட்டையை வாங்கிப் பொம்மையின் காலருக்குப் பக்கத்தில் விரித்தான். இரண்டு சின்ன முகங்கள் ஒரே மாதிரி விழித்தன.

உமர் பாருக் குனிந்து பார்த்தார். அக்கம்மாளைப் பார்த்தார். பிறகு சூரியபிரகாஷைப் பார்த்தார்.

சூரியபிரகாஷின் முகம் வெளுத்து, மறுபடி தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் விஜிக்குத் திக்கென்றது. மனிதருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"என் ஜாக்கெட்தான்," என்றார் தணிந்த குரலில். "காணாமப் போச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன். தேனி ஆபீஸ்ல கோட் ஸ்டாண்டுல மாட்டியிருந்தது. வினோத்ராஜ் தெனமும் அங்க வந்து போறவன். என் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுப் போயி, என் பேரையும் சேத்துக் கெடுத்திருக்கான். பாவம், இந்த அம்மா இருட்டுக் கொட்டகையில ஆள் அடையாளம் குழம்பியிருப்பாங்க."

நாற்காலிகளில் சலசலப்பு. முன்வரிசைப் பெரியவர் தலையை ஆட்டினார். நடக்கக்கூடியதுதானே? அக்கம்மாளின் விரல்கள் வைக்கோலை இறுகப் பிடித்தன. அவள் வார்த்தை மறுபடியும் பாதிச் சுவரில் நின்றது.

"கார்த்தி," என்றாள் விஜி, "நீ கேட்ட கேள்விக்கு என்ன பதில் வந்துச்சு?"

"நான் சொன்னா மசாலா சேத்துருவேன்க்கா. அவனே சொல்லட்டும்."

வினோத்ராஜ் ஜீப் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"சார்தான் என்னையக் கூப்பிட்டு, அந்தத் தெருவுல ஒரு திருஷ்டி பொம்மைய எறக்கிட்டு வாடான்னாரு. வீடு முடியாம அதத் தொட்டா வீட்டுக்காரவுகளுக்கும் ஆகாது, தொட்டவனுக்கும் ஆகாது, நான் தொட மாட்டேன் சார்னேன். மறுநாளே வேலைய விட்டு நிறுத்திட்டாரு. பெறகு புகாரு வந்துச்சுன்னாக. அதத் தூக்கி எந்தலையில வச்சாக."

"எந்தப் பொம்மைய எறக்கச் சொன்னாரு?"

"சாம்பக் கலர் சட்டை போட்டு, முதுகக் காட்டிக்கிட்டு இருக்குமே, அது மட்டும்னாரு. தெரு பூராவும் பொம்மைதான் சார் தொங்குதுன்னேன். அது மட்டும் போதும்னாரு."

விஜி சூரியபிரகாஷின் பக்கம் திரும்பினாள். "அடிக்கல் நாட்டுன அன்னிக்குப் போனதோட சரின்னு காலையில சொன்னீங்க சார். அன்னிக்குச் சுவரே இல்ல. பொம்மையும் இல்ல. நீங்க போகாத தெருவுல, எந்த வீட்டுப் பொம்மை முதுகைக் காட்டுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? காணாமப் போன உங்க ஜாக்கெட் சாம்பல் கலர்ல திரும்பிக் கிடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

சூரியபிரகாஷின் கை தன்னிச்சையாகச் சட்டைப் பையைத் தடவியது. நெற்றியைத் துடைக்கக் கைக்குட்டை தேடியது. அது மேஜைமேல் இருந்தது.

உமர் பாருக் குடோன் வாசலில் நின்ற ஆட்களைக் கைகாட்டினார். "உக்காருங்க சார். மகளிர் போலீசுக்குச் சொல்லியாச்சு. அவுக வர்ற வரைக்கும் எங்க மார்க்கெட் ஆளுக உங்களுக்குத் துணை இருப்பாக." பிறகு அக்கம்மாளிடம் வந்தார். "மன்னிச்சிரு ஆத்தா. யாரு கையில குடுக்கோம்னு பாத்தேன். அவுக யாருகிட்டயிருந்து என்ன வாங்குறாகன்னு பாக்கல," என்றார்.

மகளிர் போலீஸ் வந்து சூரியபிரகாஷைத் தனி வண்டியில் ஏற்றியது. அக்கம்மாள் உட்கார்ந்த போலீஸ் ஜீப்பில் விஜியும் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையைத் தொட்டது. முத்துமாரியம்மாள்.

"நானும் ஒண்ணு எழுதிக் குடுக்கணும்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நான் கத்தல."

அக்கம்மாள் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

*

அவர்களைத் தெருவில் கொண்டுவந்து இறக்கியபோது மலைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. ஜாக்கெட்டைச் சாட்சிப் பொருளாகப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. பானைத் தலையும் வெறும் வைக்கோலுமாகப் பொம்மையைக் கையில் பிடித்தபடி அக்கம்மாள் தன் பாதிச் சுவர் முன்னால் நின்றாள்.

"நாளைக்குக் கொத்தனாரு வர்றாருன்னு உமர் பாய் சொன்னாரு," என்றாள். "பொம்மை இல்லாம வேலை ஆரம்பிக்கக் கூடாது. இது இப்பிடி அம்மணமா நிக்குதே."

கார்த்திக்ராஜ் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டே தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான். கத்தரிப்பூக் கலரில் பூப்போட்ட புதுச் சட்டை.

"போன வாரந்தான் எடுத்தேன். எனக்கு இருக்கிற அழகுக்கு எப்படியும் திருஷ்டி படும்."

"உனக்கா?" என்றாள் விஜி. "இந்தச் சட்டைய நீ போட்டதே பொம்மை மாதிரிதான் இருந்துச்சு."

அக்கம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து விஜி இப்போதுதான் பார்க்கிறாள். சட்டையைப் பொம்மைக்கு மாட்டி, பொத்தான் போட்டு, காலரை இழுத்துச் சரிசெய்தாள். பனியனோடு கார்த்திக்ராஜ் கற்கள்மேல் ஏறிக் கயிற்றைக் கையில் எடுத்தான். மேட்டின்மேல் தகரக் கொட்டகை பூட்டிக் கிடந்தது.

"எந்தப் பக்கம் பாத்துக் கட்டட்டும்?"

அக்கம்மாள் கொட்டகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ரோட்டப் பாத்துக் கட்டுப்பா. எல்லார் வீட்டு மாதிரியும்."